எல்லாவற்றுக்கும் சீனி வருத்தமா காரணம்?



கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்கா மாதம் ஒருமுறை வெள்ளவத்தைக்கு வருவார். சந்தையில் மரக்கறி வாங்கி, என் வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போவார். வயது 58. பதினான்கு வருடமாக நீரிழிவு. குளிசை தவறாது, ஆனால் சோறும் குறையாது, நடையும் கிடையாது.

ஒருநாள் கீரை ஆய்ந்தபடியே, "பிள்ளை, எனக்கு நின்று ஆறு வருஷம். இப்ப திரும்பவும் கொஞ்சம் படுகுது" என்றார். "வெயில் சூடாக்கும், மல்லித்தண்ணி குடியுங்கோ அக்கா" என்றவள் நான்தான். "சீனி கூடினாலும் இப்பிடி வருமாக்கும்" என்றார் அவர். இரண்டு மாதம் போனது. மறுபடியும் அதையே சொன்னபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. வைத்தியரிடம் கூட்டிப்போனேன். ஸ்கான் செய்து, கருப்பையின் உட்படலத்தில் சிறிது சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்!

நீரிழிவு கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பது நமக்குத் தெரியும். புற்றுநோயோடு அதற்குள்ள உறவு பலருக்குத் தெரியாது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் 2010இல் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈரல், கணையம், கருப்பை உட்படலம் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. பெருங்குடல், மார்பகம், சிறுநீர்ப்பை ஆகியவற்றிலும் ஓரளவு அதிகம் என்று அது கூறியது. நீரிழிவு இருந்தால் புற்றுநோய் கட்டாயம் வரும் என்பதல்ல இதன் பொருள். கவனம் கூட வேண்டும் என்பதே.

ஏன் இப்படி? இரண்டாம் வகை நீரிழிவில் உடல் இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுதியான இன்சுலின் கலங்களை வளரத் தூண்டும். உடற்பருமன் சேர்ந்தால், மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்பிலிருந்து ஈஸ்ட்ரஜன் உண்டாகி, கருப்பை உட்படலத்தைத் தடிக்கச் செய்யும். இதைப் படித்துவிட்டுக் குளிசையையோ இன்சுலின் ஊசியையோ நிறுத்திவிடாதீர்கள். அது பெரும் ஆபத்து.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. இடுப்புச் சுற்றளவை 80 சென்ரிமீற்றருக்குள் வைத்திருக்கப் பாருங்கள். வாரத்தில் 150 நிமிடமாவது வேகமாக நடவுங்கள். 35 வயதைக் கடந்தவர்கள் 'சுவநாரி' கிளினிக்குக்குப் போங்கள். 1996 முதல் நம் நாட்டில் நடைபெறும் இந்தக் கிளினிக்குகளில் மார்பகமும் கருப்பைக் கழுத்தும் பரிசோதிக்கப்படுகின்றன. ஆனால் அங்கு செய்யும் பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கானது. "பாப் சரியாக இருந்தது" என்று எண்ணி இரத்தக் கசிவை அலட்சியம் செய்யக்கூடாது. காரணமின்றி உடல் மெலிந்தாலும், திடீரெனச் சீனி ஏறினாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அக்காவுக்கு நோய் கருப்பையைத் தாண்டியிருக்கவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து இப்போது நலமாக இருக்கிறார். வெள்ளவத்தைக்கு வரும் நாட்களில் மாலையில் இருவரும் கடற்கரை வீதியில் நடக்கிறோம். இரண்டு மாதத்தை வீணாக்கிய குற்ற உணர்ச்சி மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.

மாதவிடாய் நின்ற பின் ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் அது சூடும் அல்ல, சீனியும் அல்ல என்று எண்ணிக்கொள்ளுங்கள். மல்லித்தண்ணீர் வைக்க வேண்டாம். அந்த வாரமே வைத்தியரிடம் போங்கள்.