ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும்

எங்க நைனா கோலார் தங்கவயல் நந்திதுர்க் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். ஆட்களைக் கூண்டில் கீழே இறக்கி, ஷிப்ட் முடிந்ததும் மேலே தூக்கும் பெரிய மின்சார இஞ்சினை ஓட்டுகிற வேலை. கூண்டு எங்கே போகிறதென்று அவர் கண்ணுக்குத் தெரியாது, மணிச் சத்தம்தான் கணக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு மணி கேட்டால் நிறுத்தியே ஆக வேண்டும். யார் அடித்தது, ஏன் அடித்தது என்ற விசாரணையெல்லாம் அப்புறம்தான்.

நான் இருப்பது சிங்கப்பூரில். வங்கியில் நடுத்தர நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கிற பிரிவு. இத்தனை வருஷம் கழித்து அந்த மணி ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம், 2025 தீபாவளி.

நம்மூர்க்காரர் ஒருவர் மளிகைச் சாமான் இறக்குமதி செய்கிறார். எண்பது பேர் வேலை பார்க்கிறார்கள். (பேர் சொல்ல மாட்டேன், வாங்குகிற சம்பளத்துக்கு விசுவாசம் :-)) எப்போது எவ்வளவு சரக்கு வரவழைக்க வேண்டும் என்று கணக்குப் போட ஒரு ஏ.ஐ. மென்பொருள் வாங்கினார். அது 2023, 2024 விற்பனையைப் பார்த்தது. அந்த வருஷங்களில் தீபாவளி நவம்பர் 12, அக்டோபர் 31. ஆக, நவம்பரை ஒட்டித்தான் கூட்டம் வரும் என்று முடிவு கட்டியது. 2025ல் தீபாவளி அக்டோபர் 20. நெய்யும் முறுக்கு மாவும் ஏறிய கண்டெய்னர் வந்து சேர்ந்தது அக்டோபர் 22!

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா செப்டம்பரிலேயே சொல்லியிருக்கிறார், "பண்டிகை முடிஞ்சப்புறம்ல வருது" என்று. "சிஸ்டம் கணக்குப் பண்ணிடுச்சுக்கா, நீங்க கவலைப்படாதீங்க" என்று பதில் வந்திருக்கிறது. அவர் மணி அடித்தார். கேட்கத்தான் ஆளில்லை.

பணம் சரக்கில் முடங்கி, ஓவர்டிராப்ட் வரம்பைக் கூட்டித் தரும்படி எங்களிடம் வந்தார்கள். கூடவே அந்த மென்பொருளைக் கணக்குப் பிரிவுக்கும் விரிவாக்கக் கடன் வேண்டுமாம். விண்ணப்பத்தில் "மிச்சமாகும் செலவு" என்ற இடத்தில் இரண்டு பேர் சம்பளம். அதில் ஒருவர் அந்த அக்கா.

ஏ.ஐ. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? எங்க ஊரே புது மிஷினால் பேர் வாங்கிய ஊர். 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 90 மைல் கம்பி இழுத்து தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவிளக்குக்கு மின்சாரம் வந்தது 1905ல்தான். ஆனால் சுரங்கம் நடத்திய ஜான் டெய்லர் கம்பெனிக்கு அந்த மின்சாரம் எதற்கென்று தெரியும். நீராவி இஞ்சினுக்குக் கொட்டுகிற எரிபொருள் செலவைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான். மின்சார இஞ்சின் வந்த பிறகும் கைப்பிடியில் ஓர் ஆள், காதுக்கு ஒரு மணி. அதை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

இங்கே சிங்கப்பூர் அரசின் புள்ளிவிவரப்படி, ஏ.ஐ. பயன்படுத்தும் சிறு, நடுத்தர நிறுவனங்கள் 2023ல் 4.2 சதவீதம், 2024ல் 14.5 சதவீதம். ஒரே வருஷத்தில் மூன்று மடங்குக்கு மேல். நல்ல விஷயம்தான். ஆனால் எனக்குப் பயம் இந்த நடுத்தரத்தைப் பற்றித்தான். பெட்டிக்கடையில் முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருப்பார், தப்பு உடனே கண்ணில் படும். பெரிய கம்பெனியில் சரிபார்க்கவே தனி இலாகா இருக்கும். நடுத்தரக் கம்பெனியில் இரண்டும் கிடையாது. ஒரு கிடங்கு அக்கா, ஒரு கணக்குப்பிள்ளை, இவர்கள் தலைக்குள்தான் மொத்த வியாபாரமும். சம்பளம் மிச்சம் என்று முதலில் அனுப்புவதும் இவர்களைத்தான்.

2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். நான் அப்போது பி.காம். கடைசி வருஷம். மூடக் காரணம் மிஷின் இல்லை, நஷ்டம். ஆனால் முப்பது வருஷம் கைப்பிடி பிடித்தவரிடம் "உனக்கு என்ன தெரியும், சொல்லு" என்று ஒருத்தரும் உட்கார்ந்து கேட்கவில்லை. நைனா பெங்களூரில் ஓர் அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி ஆனார். விடிவதற்கு முன்னால் ரயில் பிடிக்கக் கிளம்புவார். அந்தச் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

நம்மில் பலர் இங்கே கடை, கம்பெனி வைத்திருக்கிறீர்கள். கடன் கொடுக்கிறவனாக மூன்றே விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, எந்தச் செலவை, எந்தத் தொல்லையைக் குறைக்க வாங்குகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

இரண்டு, உடனே பழசைத் தூக்கி எறியாதீர்கள். வங்கியில் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் பேரேட்டையும் கம்ப்யூட்டரையும் கொஞ்ச நாள் சேர்த்தே ஓட்டி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். நீங்கள் ஒரு பண்டிகைக் காலமாவது அப்படி ஓட்டுங்கள்.

மூன்று, நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு என்று பேர் போட்டு முடிவு செய்யுங்கள். அது சரக்கைக் கையால் தொடுகிற ஆளாக இருக்கட்டும். அவர் சொன்னால் ஆர்டர் நிற்க வேண்டும், விசாரணை அப்புறம்.

அந்த விண்ணப்பத்தில் நானும் இந்த மூன்றாவது கேள்வியைத்தான் எழுதி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, மிச்சமாகும் செலவில் ஒரு சம்பளத்தை அடித்துத் திருத்தி அனுப்பினார்கள். அக்கா இப்போதைக்கு வேலையில் இருக்கிறார். ஆர்டர் அவர் கையெழுத்தில்லாமல் போகாதாம்.

போனில் நைனாவிடம் இதைச் சொன்னேன். ஏ.ஐ. என்றால் என்னவென்று விளக்கவே பத்து நிமிஷம் ஆனது. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தம்மா மணி அடிச்சா அவன் நிறுத்துவானாப்பா?"

பார்க்க வேண்டும் நைனா. அடுத்த தீபாவளிக்குத் தெரியும்.