ரோடினுக்குப் போட்டோ, நமக்கு ரயில்!



"செல்போன் கற்பனையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா?" என்று நம் பள்ளியில் பட்டிமன்றம் வைத்தால், கைதட்டல் எல்லாம் "கெடுக்கிறது" அணிக்குத்தான் கிடைக்கும். நான் இரண்டு அணியிலும் சேர மாட்டேன். போனில் பார்ப்பதும் வேணும், கலைக்கூடத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பதும் வேணும். ஒன்று இருந்தால் இன்னொன்று எதுக்கு என்று கேட்பதுதான் தவறு. இது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

முதலில் ஒரு உண்மைச் சம்பவம். பிரான்ஸ் நாட்டில் ரோடின் என்று ஒரு பெரிய சிற்பி இருந்தார் (1840–1917). முகவாயைக் கையில் தாங்கி உட்கார்ந்து யோசிக்கிற மனிதனின் சிலையைப் படத்தில் பார்த்திருப்பீர்களே, அதைச் செய்தவர் இவர்தான். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் 1913 வாக்கில், சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள நடராஜர் வெண்கலச் சிலைகளின் போட்டோக்களைப் பார்த்து, அசந்து போய், சிவனின் நடனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு 1921-ல் அது அச்சானது. போட்டோவில் இருந்த சிலைகளில் ஒன்று எந்த ஊரில் கிடைத்தது தெரியுமா? திருவாலங்காடு! ஆம், நம்ம திருவள்ளூர் மாவட்டம். ஆவடியில் அரக்கோணம் ரயில் ஏறினால் போய்விடலாம். நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை என்று சொல்லப்படும் ஊர் அது.

அந்தக் காலத்துத் தொழில்நுட்பம் போட்டோ. அது இல்லாவிட்டால் பாரிஸில் இருந்தவருக்கு நம்ம ஊர்ச் சிலை தெரிந்தே இருக்காது. ஆகவே தொழில்நுட்பத்தால் கலைக்கு நன்மையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"அப்போ போன் போதுமே, எதுக்கு எழும்பூர் வரைக்கும் போகணும்?" என்று நீங்கள் கேட்கலாம். ரோடினுக்குப் போட்டோ போதுமாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர் வாழ்நாள் முழுக்கக் களிமண்ணைப் பிசைந்தவர். தட்டையான படத்தைப் பார்த்தாலே அந்த உடம்பின் கனம் அவருக்குப் புரிந்துவிடும். நம் கண்ணுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நிஜமான சிலையை, நிஜமான ஓவியத்தைப் பார்த்துப் பழகினால்தான் படத்தில் பார்ப்பதும் நமக்குப் புரியும்.

பழகாவிட்டால் என்ன ஆகும்? போன வருஷம் நம் பள்ளியில் "நீரைச் சேமிப்போம்" ஓவியப் போட்டி நடந்ததே, ஞாபகம் இருக்கா? சுவரில் ஒட்டிய படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி. பூமி உருண்டையில் ஒரு குழாய், அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணி. போனில் தேடினால் முதலில் வருகிற படம் அதுதான். நம்ம ஊரில் இவ்வளவு பெரிய ஏரி இருக்கிறது. தண்ணி லாரி வந்தால் குடத்தோடு ஓடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். ஏரியையும் யாரும் வரையவில்லை, அந்தக் குடங்களையும் வரையவில்லை. வரைந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. எல்லோர் கையும் நல்ல கைதான். பார்த்து வரைய நமக்குக் கிடைத்தது அந்த ஒரே படம், அவ்வளவுதான்.

நேரில் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்கிறேன். அரைப் பரீட்சை லீவில் சித்தியோடு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1851-ல் தொடங்கியது அது. இந்தியாவின் மிகப் பழைய அருங்காட்சியகங்களில் ஒன்று. அங்கே அந்தத் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். காலண்டரில் நாம் பார்க்கும் நடராஜரைச் சுற்றி நெருப்பு வளையம் இருக்கும், சடை விரிந்து பறக்கும். இவருக்கு வளையமும் இல்லை, விரிந்த சடையும் இல்லை. அதனால் கண் நேராக உடம்புக்குப் போகிறது. அவ்வளவு கனமும் முயலகன் மேல் ஊன்றிய ஒரே காலில் நிற்கிறது. நான் ஒரு அடி நகர்ந்தால் தூக்கிய கால் என் பக்கமே வருகிற மாதிரி இருந்தது. உள்ளங்கை அளவு திரையில் இது தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒற்றைக் காலில் நிற்பவர்கள்தான் என் கண்ணில் பட்டார்கள். பஸ் படியில் ஒரு காலை வைத்து ஏறுகிறவர், ஒற்றைக் காலில் பாண்டி ஆடுகிற என் தங்கச்சி. அம்மா போனில் தங்கச்சி ஆடுவதை மெதுவாக ஓடுகிற வீடியோவாக எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைந்தேன். எதைப் பார்க்கணும் என்று சிலை சொல்லிக் கொடுத்தது, ஓடுகிறதை நிறுத்திக் காட்டியது போன். இரண்டும் சேர்ந்ததால்தான் அந்தப் படம் வந்தது. அதனால்தான் இரண்டும் வேணும் என்கிறேன்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். கலையும் தொழில்நுட்பமும் எப்போதுமே சேர்ந்தேதான் இருந்திருக்கின்றன. வெண்கலச் சிலையை எப்படிச் செய்வார்கள்? முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்வார்கள். அதன் மேல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால் சிலை. ஒரு அச்சில் ஒரே சிலைதான். சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். இது அறிவியல் இல்லையா?

ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் ஒரு அச்சகம் தொடங்கினார். அதுவரை அரண்மனையில் தொங்கிய மாதிரி சாமிப் படங்கள், அச்சு இயந்திரத்தால் சாதாரண வீடுகளுக்கும் வந்தன. இப்போது போன் செய்வதும் அதே வேலைதான். 2011-ல் கூகுள் நிறுவனம் 17 அருங்காட்சியகங்களின் ஓவியங்களை இணையத்தில் போட்டது. பிறகு அந்த எண்ணிக்கை எவ்வளவோ கூடிவிட்டது. கோவில்பதாகையில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஓவியத்தின் தூரிகைத் தடத்தைக்கூடப் பெரிசு பண்ணிப் பார்க்கலாம். வெளிநாட்டு ஓவியத்துக்கு நமக்கு அதுதான் வழி. ஆனால் எழும்பூருக்கு வேறு வழி இருக்கிறதே!

"படம் வரைந்தால் சோறு போடுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சென்னையில் அரசு கவின் கலைக் கல்லூரி 1850-லிருந்து இருக்கிறது. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். மாமல்லபுரத்திலும் சிற்பக் கலைக்கு அரசுக் கல்லூரி உண்டு. ப்ளஸ் டூ முடித்து இங்கெல்லாம் படிக்கலாம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாத கதவை யார் தட்டுவார்கள்?

ஆகவே என் கோரிக்கைகள் நான்கு.

1. வருஷா வருஷம் சுற்றுலாவுக்கு ராட்டினம் உள்ள இடத்துக்கே போகிறோம். ஒரு வருஷம் எழும்பூர் போகலாம். ஆவடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை.

2. போவதற்கு முன்பு அந்தச் சிலைகளின் படங்களை வகுப்பில் பெரிய திரையில் காட்ட வேண்டும். எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போவது நல்லது.

3. அங்கே போனதும் உடனே செல்ஃபி வேண்டாம். முதல் பத்து நிமிஷம் நோட்டும் பென்சிலும் மட்டும். போட்டோ பிறகு.

4. ஓவிய பீரியடைப் பரீட்சை நேரத்தில் கணக்குக்குக் கொடுத்துவிட வேண்டாம். (கணக்கு டீச்சர் கோபித்துக்கொள்ளாதீர்கள், ப்ளீஸ்!)

சுற்றுலா வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். பக்கத்தில் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோவில் இருக்கிறது. அங்கே நந்தி, சாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். சந்நிதி முன்னால் எருக்கந் தூண்கள் இரண்டு. டிக்கெட் கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பென்சிலோடு போகலாம்.

வரைந்ததை இந்தச் சுவர் இதழுக்குக் கொடுங்கள். அடுத்த மாத ஏட்டில் குழாய் வைத்த பூமி உருண்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது. என் கருத்தோடு ஒத்துப் போகாதவர்கள் எதிர்க் கருத்தை எழுதிக் கொடுங்கள், பக்கத்திலேயே ஒட்டுவோம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி