பூனைதானே என்று சொல்லாதீர்கள்



எங்கள் வீட்டுப் பூனை காணாமல் போய் இன்றோடு ஒன்பது நாட்கள். சின்ன மகள் இன்னும் வாசலில் சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறாள். "பூனைதானே, வேறொன்று தாறோம்" என்று பலர் அன்போடு சொன்னார்கள். பிள்ளைக்கு அது ஆறுதலாக இல்லை. நேசித்த ஒன்றுக்குப் பதிலாக உடனே வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றா நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டும்?

பூனைக்குட்டி ஒன்றோடு இருந்த அன்பினால்தான் அபூ ஹுரைரா (ரழி) அவர்களுக்கு அந்தப் பெயரே வந்தது. பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்கு நேர்ந்த கதியை புகாரியிலும் முஸ்லிமிலும் படித்திருக்கிறோம். ஜும்ஆவில் கேட்பதை வீதியிலும் காட்டுவோம்.

2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தேடிக் கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று, காணாமல் போன இடத்திலிருந்து 500 மீற்றருக்குள்தான் இருந்திருக்கின்றன. பயந்த பூனை, கூப்பிட்டாலும் சத்தம் போடாமல் பதுங்கியிருக்கும். ஆகவே கெலிஓயா கடைக்கார சகோதரர்களே, கடையையும் களஞ்சியத்தையும் பூட்டுமுன் ஒருதடவை உள்ளே பாருங்கள். குட்டிகளைச் சாக்கில் கட்டி எங்கேயாவது கொண்டுபோய் விடும் பழக்கத்தையும் நிறுத்துவோம்.

மகளிடம் "கட்டாயம் வரும்" என்று நாங்கள் பொய் சொல்லவில்லை. "தேடுவோம், துஆ கேட்போம்" என்றுதான் சொல்கிறோம். இன்று இரவும் டோர்ச்சோடு போகிறோம். நீங்களும் உங்கள் வீட்டுப் பின்புறத்தைக் கொஞ்சம் பாருங்கள்.