காற்றா, சுருள்வில்லா?



பந்தயக் கார் என்றதும் அது நமக்கு எட்டாத பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். இன்று நம் நாட்டுக் கல்லூரி மாணவ மாணவியர் சிறு பந்தயக் கார்களைத் தாமே செய்து ஓட்டுகின்றனர். மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் 2007-ஆம் ஆண்டு தொடங்கிய பாஹா போட்டி, மேடுபள்ளமான மண் தடத்தில் ஓடும் ஒற்றை இருக்கை வண்டிகளுக்கானது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில், கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் போட்டியோ சமமான தார்த் தடத்தில் ஓடும் கார்களுக்கானது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து காலாப்பட்டுக்கும் மதகடிப்பட்டுக்கும் பொறியியல் படிக்கச் செல்லவிருக்கும் நம்மில் சிலர், நாளை இத்தகைய குழுக்களில் இடம்பெறக்கூடும். அப்போது தீர்மானிக்க வேண்டியவற்றுள் ஒன்று இது: சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக் அப்சார்பரில் காற்று இருக்க வேண்டுமா, சுருள்வில் இருக்க வேண்டுமா?

முதல் கார் செய்யும் குழுவுக்குச் சுருள்வில்லே தக்கது என்பது எங்கள் கருத்து. காரணங்களைக் கூறுகிறோம்.

இவ்விரண்டும் நம் இயற்பியல் பாடத்தில் உள்ளவையே. காற்றுக்கும் வில்லைப் போன்ற குணம் உண்டென்று ராபர்ட் பாயில் 1660-ல் நூல் எழுதினார். அவருக்குக் காற்றுப் பம்பு செய்து கொடுத்த உதவியாளர் ராபர்ட் ஹூக், 1678-ல் உலோக வில்லின் விதியை வெளியிட்டார். ஒரே ஆய்வுக்கூடத்தில் பழகிய இருவரின் விதிகளே இன்று காரின் அடியில் போட்டியிடுகின்றன எனில் மிகையாகாது.

சுருள்வில் நேர்மையானது. 10 கிலோ வைத்தால் 1 சென்டிமீட்டர் அமுங்கும் வில், 20 கிலோ வைத்தால் 2 சென்டிமீட்டர் அமுங்கும். காலையிலும் மாலையிலும் அது மாறுவதில்லை. காற்று அவ்வாறன்று. அமுக்க அமுக்க அதன் எதிர்ப்பு மேலும் மேலும் மிகும். வெப்பமும் அதை மாற்றும். ஷாக் அப்சார்பரினுள் இருக்கும் எண்ணெய், குலுக்கலை வெப்பமாக மாற்றுகிறது. அவ்வெப்பம் காற்றறையையும் எட்டுகிறது. 25 டிகிரியில் காற்றடித்த அறை 60 டிகிரிக்குச் சூடானால், உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 12 சதவீதம் கூடிவிடும். காலையில் அளந்து வைத்த கார் நண்பகலில் வேறு காராகிவிடுகிறது! வளைவில் கார் வழுக்கினால், பிழை ஓட்டுபவரிடமா, டயரிலா, காற்றிலா என்று புதிய குழுவினர் எவ்வாறு கண்டறிவர்?

"நெடுந்தூரச் சொகுசுப் பேருந்துகளில் காற்று சஸ்பென்ஷன் தானே சிறப்பு?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பேருந்தில் சில வேளை ஐந்து பேர், சில வேளை ஐம்பது பேர். பாரம் கூடும்போது காற்றைக் கூட்டி, வண்டியின் உயரம் குறையாமல் காக்கலாம். ஒருவரே அமரும் பந்தயக் காரில் இப்பயன் மிகக் குறைவு. பிறர்க்குப் பொருந்தும் சட்டை நமக்கும் பொருந்தும் என்று எண்ணலாகாது.

காற்றின் நற்குணங்களையும் மறைக்க மாட்டோம். அது எடை குறைந்தது. கைப்பம்பு ஒன்றிருந்தால் சில நிமிடங்களில் கடினத்தை மாற்றலாம். சுருள்வில்லிலோ திருகைத் திருகினால் உயரம்தான் மாறும். கடினத்தை மாற்ற வேறு வில்லே வாங்க வேண்டும். மண் தடத்தில் வண்டி துள்ளி விழும்போது, இறுதியில் இறுகிக்கொள்ளும் காற்றின் குணம் அடிமுட்டாமல் காக்கும். ஆகவே பாஹா வண்டிகளில் காற்றைத் தேர்ந்தெடுப்பவர்களை நாங்கள் குறை கூறவில்லை. ஆயினும் அவர்கள் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து குறித்து வைக்கும் பழக்கம் உடையவராக இருத்தல் வேண்டும். நான்கு மணி நேரம் ஓட வேண்டிய அப்போட்டியில், ரப்பர் சீல் ஒன்றில் காற்று கசிந்தாலும் வண்டி ஒருபுறம் சாய்ந்துவிடும். பல மாத உழைப்பு வீணாகும். உள்ளே அமர்ந்து ஓட்டுபவரும் நம் சக மாணவரே என்பதை மறக்கலாகாது.

தோழியரே! பட்டறையில் பெண்களுக்கு அறிக்கை எழுதும் வேலையே போதும் என்று நினைப்போர் இன்றும் உளர். அவர்களுக்கு வாதத்தால் மட்டும் பதில் சொல்ல இயலாது. ஒரு வில்லைத் தொங்கவிட்டு, எடைக்கற்களை ஏற்றி, அளவுகோலால் அளந்து, வரைபடம் வரைந்து காட்டும் பெண்ணின் சொல்லை யாரும் எளிதில் தள்ள முடியாது. அச்சோதனைக்கு வேண்டிய பொருள்கள் யாவும் நம் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே உள்ளன. நாகரிகத்தைப் பார்த்து அன்று, அளந்து பார்த்துத் தேர்ந்தெடுப்போம். அளக்கக் கற்பதற்கு முதல் ஆசான் சுருள்வில்லே!