நம் மண்ணை நாமே படம் பிடிப்போம்

பந்திங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் சென்ற வாரம் நம்மைக் காண வந்திருந்தார். ஓராண்டு காலமாக ஞாயிறுதோறும் மோரிப் கடற்கரையையும், ஜுக்ரா குன்றையும், லங்காட் ஆற்றங்கரையையும், எஞ்சி நிற்கும் கித்தாக்காடுகளையும் தமது கைப்பேசியில் படம் பிடித்து வருகிறார். எவரும் அவரை ஏவவில்லை. எவரும் கூலி தரவுமில்லை. "இதனால் என்ன லாபம் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை" என்றார். அந்தப் பதிலை அவருக்காகவும், அவரைப் போன்ற வாலிபர்களுக்காகவும் நாம் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

நம் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்ப்போம். கலியாணப் படம் ஒன்று இருக்கும். கடையில் போய்த் திரைக்கு முன் நின்று எடுத்த குடும்பப் படம் ஒன்று இருக்கும். நாம் பிறந்த லயத்தின் படம் இருக்கிறதா? பால் கொட்டகையின் படம்? பிரட்டுக்கு நின்ற இடத்தின் படம்? பெரும்பாலான வீடுகளில் இல்லை. அன்று கேமரா துரை வீட்டுப் பொருள்.

படங்களே இல்லையென்று சொல்வதற்குமில்லை. 1867-ல் சிங்கப்பூரில் கடை திறந்த லம்பர்ட் கம்பெனி போன்ற ஐரோப்பிய நிலையங்கள் இந்த நாட்டின் துறைமுகங்களையும், தோட்டங்களையும், மக்களையும் ஏராளமாகப் படம் பிடித்தன. அத்தகைய பழம்படங்கள் பலவற்றின் அடியில் இனத்தின் பெயர் இருக்கும். ஆளின் பெயர் இராது. அப்படி நிற்பவர் நம் பாட்டனாராகவே இருந்தாலும் நமக்குத் தெரிய வழியில்லை. பிறர் எடுத்த படத்தில் நாம் காட்சிப் பொருளானோம். இதுவே நமது முதல் குறை.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. நாம் வாழ்ந்த இடங்கள் நம் கண் முன்னே மறைந்து வருகின்றன. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதன் பிறகு நகரங்கள் வந்தன. 1921-ல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டம் இருந்த மண்ணில்தான், 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த தோட்டக் குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. நாட்டுக்குத் தலைநகரம் வேண்டும்தான். ஆனால் அந்தச் சாலைகளில் இன்று போகிற பிள்ளைக்கு, "இங்கேதான் உன் ஆத்தா உளி பிடித்தாள்" என்று காட்ட எத்தனை வீடுகளில் ஒரு படம் உண்டு?

நமது வாலிபரின் அனுபவத்தைக் கேளுங்கள். செம்பனைக்கு நடுவே மேடும், அதன் மேல் ஒரு மாமரமுமாக இருந்த வெறும் இடத்தை அவர் படம் பிடித்திருந்தார். அதைத் தம் பாட்டியிடம் காட்டினார். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது எங்க லயம்" என்றாராம். பிறகு மாமரத்திலிருந்து தொடங்கி, எட்டு வீட்டுக்காரர்களின் பெயரையும் வரிசையாகச் சொன்னாராம். பேரன் அத்தனையையும் எழுதிக்கொண்டார். அவர் அதைக் காட்டியபோது, சர்க்கார் பதிவேடு எதிலும் இவ்வளவு இருக்காது என்றே நமக்குத் தோன்றியது. கோயில், இடுகாடு, பள்ளி ஆகியவற்றின் நிலம் பற்றி நாளை ஒரு வழக்கு எழுந்தாலும், தேதியிட்ட படமும் பெரியவர்களின் வாக்குமூலமும் நமக்குத் துணை நிற்கும்.

ஆகவே இப்பணியை முறையாகச் செய்ய வேண்டும். ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. ஒரே இடத்தைத் தேர்ந்துகொண்டு, மாதம் ஒரு முறை அதே இடத்தில் நின்று, ஓராண்டு எடுத்தாலே போதும். மேல்கரைத் தோட்டங்களில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் இலை உதிர்ந்து, செம்பு நிறத் தளிர் விடும். நம் தாய்மார் விளக்குக் கட்டிக்கொண்டு நுழைந்த இருண்ட காடு, அந்த நாட்களில் வானம் தெரிய நிற்கும். மோரிப் போன்ற இடங்களில் வற்றுக் காலத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கிச் சேறு தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம். 1945 செப்டம்பர் 9-ல் பிரிட்டிஷ் படை அங்கே கரையிறங்கியபோது வண்டிகள் பல அந்த இளகிய தரையில்தான் புதைந்தன. கடல் பெருகியபோது ஒன்றும், வற்றியபோது ஒன்றும் எடுத்தால்தான் அந்தக் கரையை எடுத்ததாகும்.

நம் கரை மேற்குப் பார்த்தது. மாலையில் சூரியன் கடலில் இறங்குவதை எல்லோரும் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், அழகு ஏழைக்கும் உரியது. ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். காலையில் வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து கரை மேல் விழும்போது படகுகளையும், வலை பழுது பார்க்கும் கைகளையும் எடுங்கள். வெட்டப்பட்ட அலையாத்தியையும், குப்பை சேர்ந்த வாய்க்காலையும் எடுங்கள். குறையை மறைத்து எடுத்த படம் துரைமார் அனுப்பிய வாழ்த்து அட்டைக்குச் சமம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேரித் தீவில் மா மெரி மக்கள் வாழ்கிறார்கள். தோட்டங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் உழைக்கிறார்கள். அவர்களைக் கேளாமல் படம் எடுக்கலாகாது. எடுத்தால், அவர்கள் சம்மதித்தபடி பெயரையும் குறிக்க வேண்டும். நேற்று நம் பாட்டனாருக்கு நேர்ந்ததை இன்று நாம் இன்னொரு தொழிலாளிக்குச் செய்வது அடுக்குமா? அவ்வாறே, தோட்டத்துக்குள் நுழைய அனுமதி கேட்போம். படம் எடுக்கலாகாதென்று பலகை நட்ட இடத்தில் கைப்பேசியைப் பையில் போடுவோம்.

"சம்பளப் போராட்டமே முடியவில்லை, படம் ஒரு கேடா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சம்பளத்துக்கும் வீட்டுக்கும் நடத்தும் போராட்டத்தைப் படம் ஒருநாளும் ஈடு செய்யாது. ஆனால் இந்த மண்ணில் நாம் உழைத்தோம் என்பதே மறக்கப்பட்டுவிட்டால், எந்த உரிமையை எதன் பேரில் கேட்பது?

எனவே, வாலிபத் தோழர்களே, அந்தந்த ஊரில் தொடங்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இடம், தேதி, தெரிந்த பெயர்கள் மூன்றையும் எழுதுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்தால் அது உடையும் நாளில் எல்லாம் போய்விடும். வேறோரிடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். முக்கியமானவற்றைக் காகிதத்தில் அச்சிடுங்கள். கிளைகள் அவற்றைச் சேர்த்துப் பாதுகாக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். எல்லாவற்றுக்கும் முன்னால், எடுத்த படத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு பென்சிலும் கொண்டு போங்கள்.