அதிருமலையில் வெந்நீர் வேண்டாம்

ஜனவரி பிறந்தால் எங்கள் பாறசாலைப் பக்கம் அகத்தியகூட மலையேற்றப் பேச்சு தொடங்கிவிடும். முன்பதிவு என்றைக்குத் திறக்கும், கட்டணம் எவ்வளவு ஏறும், உடல் தகுதிச் சான்றிதழுக்கு எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று இஞ்சிவிளை சாயாக்கடையிலும் நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்திலும் இதுதான் பேச்சு. கூடவே இன்னொன்றும் காதில் விழுகிறது. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குகிறார்களே, அதிருமலை முகாமில் நாலு அறை கட்டி, கட்டில் போட்டு, குளிக்க வெந்நீர் தந்தால் என்ன? பத்ரிநாத் போய்வந்த என் பெரியம்மா மகள் இதை அழுத்திச் சொல்கிறாள். அங்கே தப்த குண்டத்து நீரில் குளித்த சுகம் அக்காவுக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சுகத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். மணிகரணில் குருத்வாராவின் சமையலுக்கே வெந்நீர் ஊற்றின் கொதி உதவுகிறது. யமுனோத்ரியில் அரிசியைத் துணியில் முடிந்து சூரிய குண்டத்தில் இறக்கி, வெந்ததைப் பிரசாதமாக வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு கிணறுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு மாதிரி. வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வார்கள். அங்கெல்லாம் சூட்டைத் தருவது மண். விறகு வெட்டவும் வேண்டாம், யாரும் சுமக்கவும் வேண்டாம்.

நம் அகத்தியமலை தருவது பச்சைத்தண்ணீர். அதிருமலையில் ஒரு வாளி வெந்நீர் வேண்டுமானால் ஒன்று காட்டு விறகு எரிய வேண்டும், இல்லாவிட்டால் காஸ் சிலிண்டர் யாரோ ஒருவர் தோளில் ஏறி வர வேண்டும். அடிவாரமான போணக்காட்டிலிருந்து முகாமுக்கு வண்டிப் பாதை கிடையாது. ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் நடைதான். வெயிலில் சூடாக்கும் கருவி வைக்கலாமே என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். தகடும் தொட்டியும் குழாயும் மேலே வரவேண்டியது அதே வழியில், அதே தோள்களில். அது வந்தால் குளியலறை, குளியலறை வந்தால் கான்கிரீட், கான்கிரீட் வந்தால் சாலை. மலைகளில் இப்படித்தான் சாலை வந்திருக்கிறது.

அந்தப் பாதையை நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கரமனையாறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என்று ஒவ்வொரு நீரோட்டமாகத் தாண்டும்வரை நிழலும் ஈரமும் உண்டு. பிறகு புல்வெளி, தலையில் நேர் வெயில். ஏழுமடக்குத் தேரியில் பேச்சு நிற்கும். முட்டிடிச்சான் தேரியில், எடுத்து வைக்கும் காலின் முட்டு உண்மையிலேயே நெஞ்சுக்கு வந்துவிடும். அந்த ஏற்றத்தில் என்னை முந்திப் போன ஒரு காணிக்காரப் பழங்குடிப் பையனின் தலையில் அரிசிச் சாக்கு இருந்தது. கையில் கம்புகூட இல்லை. வேர் எங்கே புடைத்திருக்கிறது, எந்தக் கல் ஆடும் என்பதெல்லாம் அவன் பாதத்துக்குத் தெரிந்திருந்தது. முகாமில் ராத்திரி கிடைத்த கஞ்சியும் பயறும் அப்படி வந்தவைதான். அதைத் தெரிந்துகொண்டு குடித்தபோது எனக்கு வெந்நீர் கேட்க வாய் வரவில்லை.

தகரக் கொட்டகை, தரையில் பாய், ராத்திரி முழுக்கக் கூரையை உலுக்கும் காற்று. அங்கே தங்குவது இவ்வளவுதான். விடிந்ததும் ஓடையில் காலை வைத்துவிட்டு எடுத்தேன். கூட வந்த காணி அண்ணன், "டீச்சரே, ஒரு பாத்திரம் தலையில ஒழிச்சாப் போதும், பிறகு தணுப்பு தெரியாது" என்றார். முதல் பாத்திரத்தில் மூச்சு நின்றது. அடுத்ததில் உடம்பே சூடாகிவிட்டது. இந்தத் தண்ணீர்தான் நெய்யாறாக இறங்கி, எங்கள் ஊர்களைக் கடந்து, பூவாறில் கடலில் சேர்கிறது. 1956-இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் போன பிறகும், எல்லையின் இரண்டு பக்கத்திலும் வீட்டுக்கு வீடு இந்த மலைக்கு நேர்ச்சை உண்டு. தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஏறும் பழைய வழிகள் அடைபட்டதால், பாபநாசத்துக்காரர்களும் இன்று போணக்காடு வந்துதான் ஏறுகிறார்கள்.

மலையில் தங்கியவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜான் ஆலன் பிரௌன். திருவிதாங்கூர் மன்னரின் வானாய்வகத்துக்குத் தலைவராக வந்த ஸ்காட்லாந்துக்காரர். காற்றழுத்தத்தையும் பூமியின் காந்தத்தையும் உயரத்தில் அளக்கவேண்டும் என்று 1855-இல் இந்தச் சிகரத்திலேயே ஓர் ஆய்வகம் அமைத்தார். கடல் மட்டத்துக்கு 1,868 மீட்டர் மேலே, அந்தக் காற்றில், அந்த மழையில். கருவிகள் எல்லாம் ஆள் சுமந்துதான் போயிருக்கும். பாதை வெட்டியவர்கள், சுமந்தவர்கள் பெயர்களை நாம் எங்கும் படிப்பதில்லை. எனக்கு இது உறுத்துகிறது.

காணிக்காரர்களுக்கு இப்படிப் பெயரில்லாமல் போவது பழகிப்போன கதை. 1987-இல் தாவர ஆய்வாளர்களோடு இந்தக் காட்டில் நடந்த காணி வழிகாட்டிகள், களைப்புத் தெரியாமலிருக்க ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டு போனார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோட்டுத் தாவரவியல் நிறுவனம் ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. நிறுவனத்துக்குக் கிடைக்கும் உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று என்று உலகம் முழுக்க இதைப் பாடமாகச் சொல்கிறார்கள். 2016-இல் யுனெஸ்கோ தன் உயிர்க்கோளப் பட்டியலில் அகத்தியமலையைச் சேர்த்தது. இவ்வளவு பெருமையும் இருக்கட்டும். ஒரு சீசனில் அரிசியும் பருப்பும் சுமந்து ஏறுகிறவருக்கு அந்தச் சுமைக்குத் தக்க கூலி உண்டா, மழை மாதங்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதுதான் என் கேள்வி.

அதனால், கடினமான தங்கல் எல்லாமே நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஒரு பெண். என் அப்பா சிவராத்திரிக்கு மலையேறிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். என்னை அனுப்ப வழியில்லை. அப்போது பெண்களைச் சிகரத்துக்கு விடமாட்டார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஆண், பெண் பேதம் கூடாது என்றது. 2019 ஜனவரி 14 அன்று, தீர்ப்புக்குப் பின் முதல் பெண்ணாக, தன்யா சனல் ஏறினார். அதற்குப் பிறகுதான், அதுவும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின், எனக்கு வாய்த்தது. 2019-இல் பெண்களுக்கென்று தனி வசதி எதுவும் இருக்காது என்றே அறிவித்திருந்தார்கள். தனிச் சலுகை வேண்டாம் என்பது சரி. ஆனால் தாழ்ப்பாள் உள்ள கதவு சலுகை ஆகாது. மாதவிலக்கு நாளில் ஏறும் பெண்ணுக்குத் தண்ணீரும் மறைவும் வேண்டும். பாயில் படுத்தவள் நடுராத்திரியில் எழுந்து கழிப்பறைக்குப் போக, வழியில் ஒரு விளக்கு வேண்டும். இவற்றுக்குச் சாலை வேண்டாம், கான்கிரீட்டும் வேண்டாம். ஒரு தச்சரும் சில நாள் வேலையும் போதும்.

எனவே, கூட்டம் சேருகிறது என்பதற்காக ஒரு நாளைக்கு விடும் ஆள் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். அறை கட்டுகிற பேச்சே வேண்டாம். கூடுதலாக வாங்குகிற பணம் முதலில் சுமப்பவர் கூலிக்குப் போகட்டும்; அடுத்தது கழிப்பறைக்கு. போணக்காட்டில் மூடிக்கிடக்கும் தேயிலைத் தோட்டத்தின் லயங்களில் இன்னும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அடிவாரத்தில் சாயாவும் சோறும் விற்கும் உரிமையில் அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம். முட்டு வலிக்காரர்கள் போணக்காட்டோடு நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுத் திரும்பலாம். எங்கள் ஊரில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் தூரத்தில் நின்று கும்பிட்டார்கள். அடுத்த ஜனவரியில் முன்பதிவு திறக்கும்முன் அதிருமலைக் கழிப்பறைக் கதவுகளையும் தண்ணீர்க் குழாயையும் ஒரு பெண் அதிகாரி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.