அன்னதானத்தோடு ஒரு பற்தூரிகையும்

பிறந்தநாள், ஆண்டுத் திவசம், திருமண நிறைவு நாள், பரீட்சைச் சித்தி என ஏதேனும் ஒன்றை முன்னிட்டுத் தாயகத்திலுள்ள சிறுவர் இல்லம் ஒன்றுக்கு ஒருவேளை உணவுக்கான பணத்தை அனுப்பிவைப்பது, புலம்பெயர்ந்த எம்மவர் மத்தியில் ஒரு நல்வழக்கமாக வேரூன்றியுள்ளது. பிளேஸ்டோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் இல்ஃபோர்ட்டிலும் இதனை ஆண்டு தவறாது செய்துவரும் குடும்பங்கள் பல. மண்டபம் எடுத்து ஆடம்பரமாகக் கொண்டாடுவதிலும் பார்க்க, பெற்றோரின் அரவணைப்பை இழந்த பிள்ளைகளின் பசி தீர்ப்பது மேலானது என்ற அந்த எண்ணம் போற்றுதற்குரியது.

உணவளித்த அன்றே நிழற்படங்கள் எமது கைத்தொலைபேசிக்கு வந்துசேர்கின்றன. வரிசையாக அமர்ந்திருக்கும் பிள்ளைகள், தட்டு நிறையச் சோறு, நடுவே ஒரு கேக், ஒவ்வொரு கையிலும் ஒரு ரொபி. பிள்ளைகள் சிரிக்கின்றார்கள். அந்தச் சிரிப்பினுள்ளே இருக்கும் பற்களின் நிலை என்ன, முரசின் நிலை என்ன என்று நாம் வினவியதுண்டா?

எமது வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் ஆண்டுக்கு ஒருமுறையே வருகின்றது. இல்லத்துப் பிள்ளைக்கோ உபயகாரர் எத்தனை பேரோ, அத்தனை பிறந்தநாள்கள். கனடாவிலிருந்து ஒருவர், சுவிஸிலிருந்து ஒருவர், லண்டனிலிருந்து ஒருவர் என ஒவ்வொருவரும் தத்தம் அன்பை இனிப்பாக அனுப்பும்போது, ஒரே வாரத்தில் மூன்று நான்கு தடவை கேக்கும் பாயசமும் ரொபியும் அதே பிள்ளையின் வாய்க்குள் செல்லக்கூடும். ஒவ்வொருவரது கொடையும் தனித்தனியே சிறியது. சேர்ந்துவிட்டால் அது சிறியதன்று.

பற்சிதைவு எவ்வாறு உண்டாகின்றது என்பதை அறிந்தால் இதன் பாரதூரம் விளங்கும். பல்லின்மீது படியும் பிசுபிசுப்பான படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் சீனியை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கின்றது. உமிழ்நீர் அதனைச் சமன்செய்து பல்லை மீளவும் உறுதிப்படுத்தும். ஆயின் அதற்கு நேரம் வேண்டும். எவ்வளவு சீனி உண்டோம் என்பதோடு, எத்தனை தடவை உண்டோம் என்பதும் இங்கே முக்கியமாகின்றது. காலையில் சீனி போட்ட தேநீர், இடையில் விசுக்கோத்து, மதியம் பாயசம், மாலையில் ரொபி எனத் தொடர்ந்தால் பல்லுக்கு ஓய்வே கிடையாது.

சூத்தைப் பல்லைக் கண்ணால் காணலாம். வலித்தால் பிள்ளை அழும். முரசு நோயோ ஓசையின்றி வருவது. பல் துலக்கும்போது இரத்தம் வருவதை எம்மவர் பலர் சாதாரணமாகவே எண்ணுகின்றனர். அது சாதாரணமன்று, அழற்சியின் முதல் அடையாளம். 1965ஆம் ஆண்டில் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்னும் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதனை ஐயந்திரிபறக் காட்டியது. நல்ல முரசுடைய பன்னிரண்டு பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் முரசு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் அது மாறிவிட்டது. வருவதற்கு மூன்று வாரம், போவதற்கு ஒரு வாரம். இடையில் வேண்டியிருந்தது பற்தூரிகை ஒன்றே.

அதே பேராசிரியரின் மற்றோர் ஆய்வு எமது இனத்தாரோடு நேரடித் தொடர்புடையது. 1970ஆம் ஆண்டு தொடக்கம் பதினைந்து ஆண்டுகளாக, இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 தமிழ்த் தொழிலாளரின் வாய்நலம் கவனிக்கப்பட்டது. பற்தூரிகையையோ பல் வைத்தியத்தையோ அறியாதவர்கள் அவர்கள். அவர்களிடையே பற்சிதைவு மிக அரிதாகவே இருந்தது. முரசு அழற்சியோ ஏறக்குறைய எல்லோரிடமும் காணப்பட்டது. பல்லைத் தாங்கும் இழையங்கள் 8 விழுக்காட்டினருக்கு விரைவாகவும் 81 விழுக்காட்டினருக்கு மிதமாகவும் அழிந்துகொண்டு போயின. 11 விழுக்காட்டினர் மட்டுமே அவ்வழிவிலிருந்து தப்பினர். விரைவாக அழிந்த பிரிவினர் நாற்பத்தைந்து வயதளவில் பற்கள் அனைத்தையுமே இழந்தவராயினர். அம்மக்களின் வாய் உலகப் பல் மருத்துவத்துக்கே பாடமாயிற்று. அப்பாடத்தை நாம் கற்றோமா?

அது உணர்த்தும் செய்தி தெளிவானது. சீனியைக் குறைத்தால் பற்சிதைவு குறையும். ஆனால் துலக்காவிட்டால் முரசின் வழியாகப் பல் போகும். இரண்டு வாசல்களையும் அடைத்தல் வேண்டும்.

இனி இல்லங்களின் நிலையைச் சிந்திப்போம். போரும், 2004 மார்கழியில் வந்த ஆழிப்பேரலையும், அவற்றின் பின் எஞ்சிய வறுமையும் வடக்கு கிழக்கில் பல சிறுவர் இல்லங்களைத் தோற்றுவித்தன. அங்குள்ளோர் யாவரும் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் அல்லர்; வளர்க்க வழியின்றி விடப்பட்டோரும் உளர். இல்லப் பொறுப்பாளர்கள் பலர் குறைந்த வேதனத்தில் அர்ப்பணிப்போடு உழைக்கின்றனர். அவர்களைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஆயினும் ஒரு பொறுப்பாளர் எத்தனை பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்க்க முடியும்?

ஏழு வயது வரையேனும் பிள்ளை பல் துலக்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் நிற்றல் வேண்டும் என்பது பல் வைத்தியர்களின் அறிவுரை. வீட்டில் அப்பணியைத் தாய் செய்கின்றாள். நள்ளிரவில் பல் வலித்தால் பிள்ளை அம்மாவை எழுப்பும். கிராம்போ உப்புநீரோ உடனே வரும். விடிந்ததும் வைத்தியரிடம் அழைத்துச் செல்லப்படும். இல்லத்துப் பிள்ளை யாரை எழுப்பும்? தொல்லை கொடுக்கக்கூடாது என்று தலையணையில் முகம் புதைத்துப் பொறுத்துக்கொள்ளவே அது பழகிவிடுகின்றது. மறுநாள் வகுப்பில் அப்பிள்ளை கவனமின்றி இருப்பதைச் சோம்பல் என்று ஆசிரியர் எழுதிவிடக்கூடும். பல்வலியோடு பெருக்கல் வாய்ப்பாடு மனத்தில் ஏறாது என்பதைக் கற்பித்தல் தொழிலில் இருந்தோர் அறிவர்.

பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேறும்போது அப்பிள்ளையிடம் சொத்தில்லை, சீதனமில்லை, சிபாரிசு செய்ய உறவில்லை. நேர்முகப் பரீட்சையில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசும் நிலையையும் சேர்த்தா நாம் அதனை அனுப்பிவைப்பது?

பல் துலக்குதல் எமக்குப் புதியதன்று. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் உமிக்கரியும் கொண்டு வைகறையில் பல் விளக்கியவர்கள் எம் முன்னோர். ஆனால் நித்திரைக்குச் செல்லுமுன் துலக்கும் வழக்கம் எமது வாழ்வில் ஆழப் பதியவில்லை. இரவில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால், அவ்வேளை துலக்குவதே இன்றியமையாதது. பற்பசையில் 1000 முதல் 1500 பி.பி.எம். வரை புளோரைட்டு இருத்தல் வேண்டும். மூலிகைப் பற்பசைகள் சிலவற்றில் அது இல்லை; உறையைப் படித்தே வாங்குதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் புளோரைட்டுப் பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. ஆயினும் அளவு முக்கியம்: மூன்று வயதுக்கு உட்பட்டோர்க்கு ஒரு சிறு பூச்சு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். வாயை நீரால் அலசிப் பசையின் பயனைக் கழுவிவிடலாகாது.

இலங்கையில் இதற்கான இலவச வசதிகளும் உண்டு. மூன்று முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் பணியாற்றுகின்றன. அதன்பின் அரச வைத்தியசாலைகளின் பல் பிரிவுகள் உள்ளன. ஆகவே சிகிச்சைக்கான பணத்திலும் பார்க்க, முச்சக்கரவண்டிக் கூலியும் அழைத்துச் செல்ல ஓர் ஆளுமே பல வேளைகளில் தேவைப்படுவன.

நாம் வாழும் இந்நாட்டிலிருந்து ஒரு பாடம் பெறலாம். 1870ஆம் ஆண்டில் மருத்துவர் பர்னாடோ தமது முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தது எமக்கு அயலிலுள்ள ஸ்ரெப்னியிலேயாகும். இன்று அத்தகைய பெரும் இல்லங்கள் இங்கே மறைந்து, வளர்ப்புக் குடும்பங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன. அரச பராமரிப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் அவ்வாண்டில் பல் வைத்தியரைக் கண்டதா என்று உள்ளூராட்சிச் சபைகள் கணக்குக் கொடுத்தல் வேண்டும். இங்கிலாந்தில் 2020இல் 86 விழுக்காடாக இருந்த அத்தொகை, கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2021இல், 40 விழுக்காடாக வீழ்ந்தது. 2022இல் 70 ஆக ஏறியது. வீழ்ந்தது குறைதான். ஆனால் கேள்வி கேட்கப்பட்டதனால்தான் வீழ்ச்சி கண்ணுக்குத் தெரிந்தது. கேட்பாரற்ற இடத்தில் வீழ்ச்சி தெரிவதில்லை.

அக்கேள்வியைக் கேட்கும் உரிமையும் கடமையும் பணம் அனுப்பும் எமக்கு உண்டு. எமது வேண்டுகோள்கள் எளியவை. உணவுக்குப் பணம் அனுப்பும்போது, கேக்கும் ரொபியும் வேண்டாம், பப்பாசியோ வாழைப்பழமோ மாம்பழமோ கொடுங்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். இனிப்புக் கொடுத்தே ஆகவேண்டுமாயின், சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு நான்கு பற்தூரிகைகள் வேண்டும். நாற்பது பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு 160. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் இது பாரமன்று. தூரிகை ஒவ்வொன்றிலும் பெயர் எழுதப்பட்டு, ஒன்றோடொன்று முட்டாமல் தனித்தனியே வைக்கப்படல் வேண்டும். ஒருவரது தூரிகையை மற்றவர் பாவிக்கலாகாது. இரவில் மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்கு உதவும் ஒழுங்கை ஏற்படுத்துமாறு பொறுப்பாளரைப் பணிவோடு கேளுங்கள். பிள்ளைகள் கடைசியாக எப்போது பல் வைத்தியரிடம் சென்றனர் என்றும் கேளுங்கள். பதில் இல்லையாயின், அந்தப் பயணச் செலவையே அடுத்த பிறந்தநாளின் கொடையாக்குங்கள்.

ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆலய அறங்காவலர்களும் இதனைத் தமது ஆண்டு வேலைத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே பல் வைத்தியர்களாக விளங்கும் எமது இளந்தலைமுறையினர், விடுமுறையில் தாயகம் செல்லும்போது ஒரு நாளை இல்லமொன்றில் செலவிடுவார்களாயின், அதனினும் சிறந்த திருப்பணி வேறில்லை.

பசித்த பிள்ளைக்குச் சோறிடுவது அறம். அந்தச் சோற்றை வலியின்றி மென்று உண்ணச் செய்வதும் அதே அறத்தின் மற்றப் பாதியே. முதற்பாதியைச் செவ்வனே செய்துவரும் எமது குடும்பங்கள், மறுபாதியையும் இவ்வாண்டிலேயே தொடங்குவனவாக.